கும்பிடு போதும், வேட்பாளரே

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியானது. 52 வார்டுகளுக்கும் முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. மேயரைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள், நாமல்ல. ஆக, நாம் மடக்கிக் கேட்க வாய்த்த ஒரே ஆள் வாசலுக்கு வரும் வார்டு வேட்பாளர்தான். அவரோ ஒரு கும்பிடு போட்டு, நோட்டீஸைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுகிறார். அதில் முக்கால் பக்கம் தலைவர்கள் படம். மிச்ச இடத்தில் 'அடிப்படை வசதிகள் செய்து தரப்படும்'. எந்த வசதி? முக்கடல் அணை வற்றும் கோடையில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? வலம்புரிவிளைக் கிடங்கில் குவியும் குப்பைக்கு என்ன வழி? பழையாற்றில் கலக்கும் கழிவுநீரை யார் தடுப்பது? இதெல்லாம் போகட்டும். வாக்கு எண்ணி இரண்டு மாதம் ஆகுமுன், ஏப்ரல் தொடக்கத்தில், மாநிலம் முழுக்கச் சொத்துவரி உயர்வை அரசு அறிவித்தது. பிரசாரத்தில் வரியைப் பற்றி யாரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை. தெருவிளக்கு வாக்குறுதி மட்டும் தாராளமாகக் கிடைத்தது. வரியைக் கூட்டும் தீர்மானம் மன்றத்துக்கு வந்தால் கை தூக்குவாரா, எதிர்ப்பாரா என்று அடுத்த தேர்தலில் வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்.