ஆற்றில் கலந்த கன்னெய்யும் ஆள்வோர் கடமையும்

கடலில் கன்னெய் கொட்டினால் இன்னார் வரவேண்டும், இன்னது செய்யவேண்டும் என்று நாடளாவிய திட்டமொன்றை நடுவணரசு 1996-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் கடலோரக் காவற்படையைத் தலைமையேற்கச் செய்தது. நல்லதே. ஆயின் அதே கன்னெய் வாய்க்காலிலும் ஆற்றிலும் கொட்டினால் வருவார் யார்? இவ்வினாவிற்கு விடையில்லை என்பதைத் திருவள்ளுவராண்டு 2054-இல், அஃதாவது 2023 திசம்பரில், எண்ணூர் மக்கள் தம் வெறுங்கைகளாலேயே கண்டறிந்தனர். (எள்ளின் நெய் எண்ணெய், கல்லினின்று பெறுவது கன்னெய். செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதலின் ஈண்டு இதனைச் சொல்லிவைத்தோம்.)

மிக்சாம் புயல்மழையில் மணலித் தொழிற்பகுதி மூழ்கியபோது, ஆங்குள்ள நடுவணரசு சார்ந்த தூய்விப்பாலையின் வளாகத்திலிருந்து மழைநீரோடு கன்னெய்யும் வெளியேறிற்று. பக்கிங்காம் கால்வாய் வழியே அது கொற்றலையாற்றின் கழிமுகத்தை அடைந்தது. எர்ணாவூரில் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. காட்டுக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாப் பறவைகள் இறகு பிசுபிசுத்துப் பறக்கவியலாது தவித்தன. புயல் வீசியது திசம்பர்த் தொடக்கத்தில். கன்னெய்யை அள்ளும் பணி முறையாகத் தொடங்கவோ ஏறத்தாழ ஒரு கிழமையாயிற்று. பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. அள்ளியவர் யார்? மீனவரே! குவளையாலும் வாளியாலும் அள்ளினர். கையுறைதானும் இல்லாதார் பலர். 2017 சனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் இரண்டு மோதியபோது நாம் கண்டதும் இதே வாளிதானே!

குழாய் ஏதும் உடையவில்லை, வெள்ளம் வந்தது என்று ஆலையார் மழையின்மேற் பழிபோட்டனர். மழைநீரைக் கையாளும் ஏற்பாடு அவ்வளாகத்தில் குறைபாடுடையது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ கண்டறிந்தது. கார்காலத்தில் மழை பெய்யும் என்பது எந்தக் கணியனும் சொல்லித் தெரியவேண்டிய செய்தியா?

அமெரிக்க நாட்டின் விதியொன்றைப் பாருங்கள். 1973-இல் வகுத்தது. கன்னெய்த் தொட்டிகளைச் சுற்றிக் கரையெழுப்ப வேண்டும். அக்கரை, இருப்பவற்றுள் பெரிய தொட்டி முழுதும் கொட்டினாலும் தாங்க வேண்டும். அதற்கு மேலும் மழைநீருக்கென்று இடம் விட்டிருத்தல் வேண்டும். மழைக்கு இடம் விடு என்னும் அவ்வொரு தொடரன்றோ நம் கழிமுகத்திற்குத் தேவைப்பட்டது! அவர்களும் பட்டே திருந்தினர். 1988 சனவரி 2-ஆம் நாள் பென்சில்வேனியாவில் பழைய இரும்பால் மீண்டும் கட்டிய தொட்டியொன்று பிளந்தது; கரையையும் தாண்டி ஏறத்தாழ 38 இலக்கம் இலிட்டர் மொனாங்ககேலா ஆற்றிற் பாய்ந்து பலவூர்க் குடிநீரைக் கெடுத்தது. மறு ஆண்டு அலாசுக்காக் கடலிலும் கப்பலொன்று கொட்டியது. 1990-இல் புதுச்சட்டம் வந்தது. உள்நாட்டு நீர்நிலை இன்ன துறைக்கு, கரையோரம் இன்ன துறைக்கு என்று பொறுப்பும் அங்கே பிரிக்கப்பட்டுள்ளது. பெருங்கேடு விளைவிக்கத்தக்க ஆலையொவ்வொன்றும், நேரக்கூடிய மிகப்பெரிய கசிவைக் கணக்கிட்டு, ஆளும் கருவியும் எங்கிருந்து வரும் என்று முன்னரே எழுதித் தரவேண்டும்.

நம்மிடம் விதியே இல்லையென்று சொல்லமாட்டோம். 1989-ஆம் ஆண்டின் இடர்மிகு வேதிப்பொருள் விதிகள், ஆலைக்குள் ஒரு திட்டமும் வெளியே மாவட்ட ஆட்சியின்கீழ் ஒரு திட்டமும் கேட்கின்றன. உள்ளே ஆறு திங்களுக்கு ஒருமுறையும் வெளியே ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை நடத்தச் சொல்கின்றன. இடர் நேரின் தாக்குறத்தக்க அண்டை மக்களுக்கு அதன் தன்மையையும் செய்யத்தக்கன, தகாதனவற்றையும் அறிவிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. கன்னெய் ஆற்றில் இறங்கினால் என் செய்வது என்று எந்த ஒத்திகையில் காட்டுக்குப்பத்து மீனவரை அழைத்துச் சொன்னார்கள்? தீயையும் வெடிப்பையும் நினைந்து தீட்டிய திட்டத்தில் கழிமுகத்திற்கு இடமேது?

குடும்பத்திற்கு 12,500 உருபா, படகிற்கு 10,000 உருபா என அரசு துயர்த்தொகை அறிவித்தது. மாதக்கணக்கில் மீன் விலைபோகாதவனுக்கு அது எத்தனை நாளைக்கு?

யாம் கேட்பன அரியன அல்ல. கன்னெய் மிதவையைத் தடுக்கும் மிதப்பு வேலியும் உறிஞ்சு கருவியும் எண்ணூரிலேயே இருப்பில் இருக்கட்டும். ஆறும் கால்வாயும் எத்துறையின் பொறுப்பென்று தமிழக அரசு ஆணையிடட்டும். அந்த மாவட்டத் திட்டத்தைத் தமிழில், மீனவர் படித்தறியும் தமிழில், அச்சிட்டு ஒவ்வொரு குப்பத்திலும் அடுத்த கார்காலத்திற்குமுன் ஒட்டட்டும்.