நிலம் நகரும், தேதி நகராது

“இவ்வளவு ஆபத்துன்னா காட்டை விட்டு வெளியே வந்துட வேண்டியதுதானே?” மலையில் மண் சரிந்த செய்தி வரும்போதெல்லாம் ஆபீஸில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். அக்கறையோடுதான் கேட்பார். எனக்குக் கோபமே அந்த அக்கறைமேல்தான்.

நான் வில்லாபுரத்துக்காரன். மதுரையில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் தெருவெல்லாம் தண்ணீர். காரணம் ஊருக்கே தெரியும்: கண்மாய்க்குள் வீட்டைக் கட்டினோம். 2004-இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரி கண்மாயில்தான் நிற்கிறது. ஆனாலும் “மதுரையைக் காலி பண்ணுங்க” என்று எவரும் சொல்வதில்லை. வாய்க்காலைத் தூர்வாரு, ரோட்டை உயர்த்து என்கிறோம். ஊர் நம்முடையது என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது.

காடர்களுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

2019 ஆகஸ்டில், வால்பாறைப் பக்கம் ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் கல்லார்குடியில் பெருமழையில் மண் சரிந்தது. காடர்களின் வீடுகள் போயின. அதே ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பெய்தது 82 செ.மீ. மதுரைக்கு வருடம் முழுக்கப் பெய்வதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அது ஒரேயடியாகக் கொட்டும். அந்தச் சூட்டில் என் ஏசிக்கும் சர்வர்களுக்கும் பங்கு உண்டு. தேன் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு என்ன பங்கு?

சரிவில் இருப்பது ஆபத்து, உண்மைதான். காடர்களும் அதை மறுக்கவில்லை. பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டைத் தேர்ந்தெடுத்துக் குடிசை போட்டார்கள். வனத்துறை அகற்றியது. எஸ்டேட் லைன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். போராடிப் போராடி 2021-இல்தான் அந்த இடத்தில் உரிமை கிடைத்தது. ஆக, அவர்கள் இடம் மாற மறுத்தது பிரச்சினையே இல்லை. எங்கே போவது என்று அவர்களே முடிவு செய்ததுதான் பிரச்சினை.

2006 வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. புது ஆக்கிரமிப்பைத் தடுக்க வைத்த நிபந்தனை, நியாயமானதுதான். ஆனால் 2019-இல் காலடி மண்ணே சரிந்துபோனவர் 2005-க்குத் திரும்பிப்போய்ப் புது இடத்தில் எப்படிக் குடியேறுவார்? ப்ரோகிராம் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான தப்பு: மாறக்கூடிய ஒன்றை மாறாதது என்று எழுதிவைத்துவிட்டு, உடையும்போது பயனரைத் திட்டுவது.

பேரிடரில் நிலம் இழந்தவருக்கு அந்தத் தேதி பொருந்தாது என்று அரசு தெளிவாக எழுதட்டும். மாற்று இடத்தைக் கிராம சபை சொல்லட்டும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு சத்தியாகிரகம் நடத்த முடியாது.

மதுரை குடிக்கும் வைகையில் 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரும் கலந்து வருகிறது. மன்னான்களும் பளியர்களும் நடமாடிய காட்டை மூழ்கடித்துத் தேக்கிய தண்ணீர் அது. அடுத்த முறை அந்த அக்கறையான நண்பர் கேட்டால், முதலில் அவர் கையிலிருக்கும் டம்ளரைக் காட்டப்போகிறேன்.