மிஞ்சும் குப்பையும் அயலாரும்



மாநகரொன்று தன் குப்பைக்குப் புதிய இடம் தேடும்போது நிலத்தின் பரப்பை அளக்கிறது. குழியின் ஆழத்தைக் கணக்கிடுகிறது. அங்கே அயலில் வாழ்வோர் யார் என்னும் வினா பெரும்பாலும் இறுதியிலேயே எழுகிறது. கொழும்பு மாநகருக்கு நேர்ந்தது இதுவே.

2009ஆம் ஆண்டு புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்டதும் கொழும்பின் குப்பை கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லைக்குச் சென்றது. சதுப்பு நிலத்தின்மீது மலையென வளர்ந்த அம்மேட்டை அகற்றுமாறு அங்குள்ள ஏழை மக்கள் ஆண்டுக்கணக்காய் மன்றாடினர். 2017 ஏப்ரல் 14, பெரிய வெள்ளியும் சித்திரைப் புத்தாண்டும் ஒருங்கே வந்த நாள். அன்று பிற்பகல் மேடு சரிந்தது. 32 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சிதைந்தன.

அதன்பின் எல்லோர் பார்வையும் புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டின்மீது விழுந்தது. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய நிலம் அது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர். குப்பையை மூடிய பெட்டிகளில் புகைவண்டியேற்றி அங்கே புதைப்பது திட்டம். அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும், கசியும் அழுக்குநீரைத் திரட்டக் குழாய்கள், மேலே நாள்தோறும் மண்மூடல். முறையான நிரப்பிடத்திற்கு இவை வேண்டியவையே, குறைகூற மாட்டோம்.

ஆயினும் புத்தளத்தார் வெகுண்டெழுந்தனர். களப்பில் மீன்பிடித்தும் உப்பு விளைவித்தும் பிழைப்போர் அவர்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் அம்மண்ணிலேயே. சீமெந்துத் தூசியையும் நுரைச்சோலை நிலக்கரிப் புகையையும் ஏற்கெனவே தாங்குவோரிடம் தலைநகரின் கழிவையும் ஏற்கச் சொல்வது எவ்வகை நீதி? எதிர்ப்புக்கிடையே 2019 ஆகஸ்டில் லொறிகள் சென்றன. ஒக்டோபரில் அங்கு ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது.

நிரப்பிடமே வேண்டாம் என்போரோடு நாம் உடன்படோம். உடைந்த பீங்கானும், அழுக்கேறிய பொலித்தீனும், குழந்தைகளின் அணையாடையும், பல படலங்கள் ஒட்டிய பிஸ்கற் உறையும் எங்கேனும் போயே ஆகவேண்டும். ஆனால் கொழும்பின் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது அழுகும் பொருள். காற்றின்றி மண்ணுள் அழுகி மீதேன் வாயுவை எழுப்புவதும் அழுக்குநீரைப் பெருக்குவதும் அதுவே. வீட்டிலேயே பிரித்து உரமாக்கினால் தீரக்கூடிய வாழைத்தோலுக்கு 170 கிலோமீற்றர் புகைவண்டிப் பயணம் எதற்கு! முதலில் மிஞ்சுவது எவ்வளவு என்று அறிந்து, அதற்கேற்பக் குழியை அளப்பதே முறை. கலந்த குப்பையை அப்படியே அளந்தால் எந்தக் குழியும் போதாது.

இனி ஓர் ஊரைத் தெரிந்தெடுப்போர் அவ்வூராரைத் தொடக்கத்திலேயே அழைத்துப் பேசட்டும். என்ன வரும், எவ்வளவு வரும், எந்த ஆண்டோடு நிற்கும் என்பதை எழுதிக் கொடுக்கட்டும். கிணற்று நீரைச் சோதித்த முடிவை அக்கிணற்றில் நீர் மொள்ளும் பெண்கள் தம் மொழியிலேயே படிக்கக் கிடைக்கட்டும். நிரப்பிடம் மூடப்பட்ட பின்னரும் பல பத்தாண்டுகள் அழுக்குநீர் கசியும், வாயு எழும். அக்காலமெல்லாம் காவல் காக்கும் செலவும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கப்படல் வேண்டும்.