சந்தேகம் இன்ஹேலர் மீது, தண்டனை இருமல் மருந்துக்கு

2019 ஜூலை 30 அன்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை விதித்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 22-இல், இந்தூரில் சையது முஷ்டாக் அலி கோப்பைப் போட்டியின்போது அவர் கொடுத்த சிறுநீர் மாதிரியில் டெர்பியூட்டலின் இருந்தது. சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்துவிடும் மருந்து அது. நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல இருமல் மருந்துகளில் கலந்திருக்கிறது. இருமலுக்காகத்தான் குடித்தேன் என்று ஷா சொன்ன விளக்கத்தை வாரியம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பிறகும் தடையை விலக்கவில்லை. 2018 ஜனவரியில் இன்னொரு கிரிக்கெட் வீரரான யூசுப் பதானுக்கு இதே மருந்துக்காக ஐந்து மாதத் தடை அறிவிக்கப்பட்டது. கடந்த பத்தாண்டுகளாக உலக விளையாட்டு அரங்கில் ஆஸ்துமா மருந்தைப் பற்றி நடக்கும் விவாதமோ இதற்கு நேர் எதிரானது. கையில் இன்ஹேலரும் பையில் அனுமதிக் கடிதமும் வைத்திருக்கும் ஐரோப்பிய சைக்கிள் வீரர்களும் பனிச்சறுக்கு வீரர்களும் அந்தக் கடிதத்தின் மறைவில் ஏமாற்றுகிறார்களா என்பதே அங்கே கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதையே இந்தியாவுக்கும் அப்படியே கொண்டுவந்து, விலக்கு என்றாலே மோசடி என்று நாமும் பேசத் தொடங்கினால், தண்டனை அனுபவிக்கப் போவது ஏமாற்றுக்காரர்கள் அல்லர். மூச்சு இரைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே அனுபவிப்பார்கள்.

முதலில் விதியைப் பார்ப்போம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா, ஆஸ்துமா மருந்துகளை ஒரே தட்டில் வைப்பதில்லை. சால்புட்டமாலை இன்ஹேலர் வழியாக உறிஞ்சலாம். 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த எட்டு மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல். இதற்குக் கடிதம் எதுவும் தேவையில்லை. அதே சால்புட்டமாலை மாத்திரையாகவோ சிரப்பாகவோ விழுங்கினால் தடை. டெர்பியூட்டலினை எந்த வழியில் எடுத்தாலும் தடை. உறிஞ்சும் ஸ்டீராய்டுக்கு அனுமதி உண்டு. ஊசியாகவோ மாத்திரையாகவோ போட்டிக் காலத்தில் எடுத்தால் குற்றம். தடை செய்யப்பட்ட மருந்து ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால், சிகிச்சை விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நோய் இருப்பதற்குப் பரிசோதனைச் சான்று வேண்டும். வேறு மருந்தால் பயனில்லை என்று காட்ட வேண்டும். அந்த மருந்து ஆளை இயல்பான உடல்நிலைக்குத் திருப்புமே தவிர அதற்கு மேல் எதையும் கூட்டாது என்றும் நிறுவ வேண்டும். நுரையீரலுக்கு நேராகப் போகும் சிறு அளவு மருத்துவம், இரத்தத்தில் கலந்து உடலெங்கும் ஓடும் பெரிய அளவு சந்தேகத்துக்குரியது என்பதே இந்த விதிகளின் அடிப்படை. அதில் அறிவியல் இருக்கிறது.

உலகின் மிகத் திடமான உடல்களுக்குச் சொந்தக்காரர்களிடையே இத்தனை ஆஸ்துமாக்காரர்கள் எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். ஒலிம்பிக் வீரர்களின் தரவுகளைப் பல ஆண்டுகள் தொகுத்த ஆஸ்திரேலிய மருத்துவர் கென் ஃபிட்ச், ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு ஆஸ்துமாவோ மூச்சுக்குழாய் மிகையுணர்வோ இருப்பதாகக் கண்டார். நீச்சல், சைக்கிள், நெடுந்தூரப் பனிச்சறுக்கு போன்ற நீடித்த மூச்சுழைப்புள்ள விளையாட்டுகளில் விகிதம் இன்னும் அதிகம். காரணம் நுரையீரலின் வேலையிலேயே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். முழு வேகத்தில் மிதிக்கும் உச்சநிலை வீரர் 150 லிட்டருக்கு மேல், சிலர் 200 லிட்டர் வரை வாய்வழியே இழுக்கிறார்கள். மூக்கு சூடேற்றி ஈரமாக்கித் தரவேண்டிய காற்று நேராக உள்ளே போய் மூச்சுக்குழாயின் உட்சவ்வை உலர்த்துகிறது. குளிர்காற்று, நீச்சல் குளத்துக் குளோரின் ஆவி, சாலைப் புகை, மகரந்தம் எல்லாம் அதன்மேல் சேர்ந்து வருடக்கணக்கில் சவ்வைப் புண்ணாக்குகின்றன. சிறுவயதில் இழுப்பே இல்லாத பலருக்கு இருபது வயதைத் தாண்டிய பிறகு அது வருவது இதனால்தான். கடினப் பயிற்சி பதக்கத்தையும் தருகிறது, மூச்சிரைப்பையும் தருகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் கூடுதலாகப் பதக்கம் வாங்குவதைக் காட்டி மருந்தின் மேல் பழி போடுபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சந்தேகத்துக்கு வலுவான ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் பிராட்லி விக்கின்ஸ் 2012-இல் டூர் டி பிரான்ஸ் வென்றார். அதற்குச் சில நாள் முன்பு ட்ரையம்சினலோன் என்ற வீரியமான ஸ்டீராய்டை விலக்கு அனுமதியோடு ஊசியாகப் போட்டுக்கொண்டார். 2011 டூருக்கு முன்பும், 2013-இல் இத்தாலியப் பந்தயத்துக்கு முன்பும் அதே ஊசி. 2016 செப்டம்பரில் ரஷ்ய ஹேக்கர்கள் வாடாவின் ஆவணங்களைத் திருடி வெளியிட்டபோதுதான் உலகுக்கு இது தெரிந்தது. மகரந்த ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்குமான சிகிச்சை அது என்றார் விக்கின்ஸ். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2018 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை அதை ஏற்கவில்லை: விதி மீறப்படவில்லை, ஆனால் மருத்துவத்தின் பெயரால் செயல்திறனைக் கூட்டவே மருந்து பயன்பட்டது என்றது. விக்கின்ஸும் அவருடைய அணியும் இதை மறுத்தார்கள். யார் சொன்னது சரியாக இருந்தாலும், உடல் எடையைக் குறைத்து வலிமையைக் காக்கும் என்று வீரர்கள் நம்பிய ஒரு மருந்து, அந்தந்த வருடத்தின் முக்கியப் பந்தயத்துக்கு முன்பாக ஆண்டுதோறும் தேவைப்பட்டது என்பது கண்ணை உறுத்தத்தான் செய்யும். அதற்கான தீர்வு வந்தது விதியைத் திருத்தியதால். 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு ஊசி எந்த வகையில் போட்டாலும் தடை. இன்ஹேலரைத் திட்டிய ஆயிரம் கட்டுரைகள் செய்யாததை அந்த ஒரு திருத்தம் செய்தது.

சைக்கிள் வீரர் கிறிஸ் ஃபுரூமின் விவகாரம் வேறு வகை. 2017 செப்டம்பர் 7 அன்று ஸ்பெயின் பந்தயத்தில் அவருடைய சிறுநீரில் சால்புட்டமால் மில்லிலிட்டருக்கு 2000 நானோகிராம் இருந்தது. வரம்பு 1000. நீர்ச்சத்து குறைந்த உடலில் சிறுநீர் அடர்த்தியாகும் என்பதைக் கணக்கில் எடுத்துத் திருத்தியபோது அது 1429 ஆனது. அவர் உறிஞ்சியது அனுமதித்த அளவுதானா, அதற்கு மேலா என்பதைச் சிறுநீர் எண்ணை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். ஒரே அளவை உறிஞ்சிய இருவரிடமும், ஒரே ஆளிடம் இரு நாள்களிலும்கூட, எண் வெகுவாக மாறும். ஒன்பது மாத இழுபறிக்குப் பிறகு 2018 ஜூலை 2 அன்று சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு வழக்கை மூடியது. ஆனால் எந்த அறிவியல் வாதத்தின் பேரில் மூடியது என்பதை முழுமையாக வெளியிடவில்லை. மக்களின் சந்தேகம் வளர்ந்தது அந்த மௌனத்தில்தான். இதே மருந்துக்காக 2014-இல் 1920 நானோகிராமோடு சிக்கிய இத்தாலிய வீரர் டியேகோ உலிசிக்கு ஒன்பது மாதத் தடை கிடைத்தது. நெபுலைசர் வழியே பெரிய அளவு எடுத்த நார்வேப் பனிச்சறுக்கு வீரர் மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பி 2016-இல் இரண்டு மாதத் தடையோடு தன் பட்டங்களையும் இழந்தார். பணபலமுள்ள அணிக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதியா என்று சாதாரண ரசிகர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்ஹேலரால் உண்மையில் ஆதாயம் கிடைக்கிறதா? ஆஸ்துமா இல்லாத வீரர்களிடம் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அனுமதித்த அளவில் உறிஞ்சும் மருந்து நெடுந்தூரத் தாக்குப்பிடிக்கும் திறனைக் கூட்டுவதாகக் காணவில்லை. ஆரோக்கியமான மூச்சுக்குழாய் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. அதை மேலும் விரிப்பதால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் கூடிவிடாது. ஆனால் அளவு கூடினாலோ விழுங்கினாலோ கதை மாறுகிறது: குறுகிய வேகத்திலும் தசை வலுவிலும் ஆதாயம் இருப்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆகவே வரம்பு வைத்திருப்பது சரி. விலக்கு அனுமதி பெற்றவர்களைப் பொறுத்தவரை, 2010 முதல் 2018 வரையிலான ஐந்து ஒலிம்பிக் போட்டிகளை ஆராய்ந்தபோது, பங்கேற்றவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே செல்லுபடியாகும் விலக்கு இருந்தது. விலக்குக்கும் பதக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. ஆய்வைச் செய்தவர்களில் வாடாவின் மருத்துவ அதிகாரியும் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் எதிர்த்தரப்பு இதற்கு இணையான கணக்கு எதையும் முன்வைக்கவில்லை.

நல்லெண்ணத்தோடு மருந்து எடுத்தவரும் காகிதம் சரியில்லாததால் வீழ்ந்த வரலாறு நீண்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற ரிக் டெமான்டுக்கு வயது 16. சிறுவயது முதல் ஆஸ்துமா. தன் மருந்துகளை அமெரிக்க அணியின் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அதிகாரிகள் உரிய இடத்தில் அதைச் சேர்க்கவில்லை. மருந்திலிருந்த எஃபிட்ரின் அவனுடைய தங்கத்தைப் பறித்தது. 1500 மீட்டர் போட்டியில் இறங்கவும் விடவில்லை. அவன் முறைப்படி தெரிவித்திருந்தான் என்று அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொள்ள 2001 வரை ஆனது. பதக்கம் திரும்பவில்லை. 2016-இல் பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் சைமன் யேட்ஸ் டெர்பியூட்டலினுக்காக நான்கு மாதம் தடை பெற்றதற்கும் காரணம், அணி மருத்துவர் விலக்குக்கு விண்ணப்பிக்கத் தவறியதே. முழுநேர மருத்துவர் இருந்த அணிகளிலேயே இந்த நிலை.

இனி நம் பக்கம் வருவோம். உலக விதி இன்ஹேலரை அனுமதித்து, விழுங்கும் மருந்தைத் தடுக்கிறது. நம் வீட்டுப் பழக்கம் இதைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருக்கிறது. 'பஃப் அடித்தால் பழக்கமாகிவிடும்', 'கடைசிக் கட்ட நோயாளிக்குத்தான் அது', 'பெண் பிள்ளைக்கு வீசிங் என்று வெளியே தெரிந்தால் வரன் அமையாது' என்று சொல்லிச் சொல்லி, நுரையீரலுக்கு மட்டும் போகும் பாதுகாப்பான மருந்தைப் பயந்து ஒதுக்குகிறோம். இரத்தம் முழுக்கப் போகும் சிரப்பையும் மாத்திரையையும் தயங்காமல் கொடுக்கிறோம். மூன்று கோடிக்கு மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகள் உள்ள நாடு இது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் இந்தியர் என்றால், ஆஸ்துமா மரணங்களில் பத்துக்கு நான்கு இங்கே நடப்பதாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிடுகிறது. சாதாரண மக்களின் உயிரை வாங்கும் அந்தப் பழக்கமே ஓட்டக்காரரின் வாழ்வையும் முடிக்கிறது.

அந்தமானின் வண்டூரில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இங்கிருந்து ஸ்ரீ விஜயபுரத்துப் பெரிய மருத்துவமனைக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். மாதிரியைச் சோதிக்கும் தேசிய ஆய்வகம் டெல்லியில், கடலுக்கு அப்பால். சைக்கிள் பந்தயம் இந்தத் தீவுகளின் பெருமை. கார் நிக்கோபாரில் இருந்து டெபோரா ஹெரால்டு இந்தியாவின் முன்னணி வீராங்கனையானார். 2019-இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் இந்திய அணி தங்கம் வென்றபோது அதில் ஈசோ ஆல்பென் இருந்தார். அவர்களைப் பார்த்து இங்கே மிதிக்கத் தொடங்கும் பிள்ளை ஒன்றுக்கு, மழைக்கால ஈரத்தில் நெஞ்சு கட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? அம்மா கடையில் இருமல் மருந்து வாங்கித் தருவார். பயிற்சியாளர் சீட்டைப் படிக்க மாட்டார். தேசியப் போட்டியில் மாதிரி எடுக்கும்போது டெர்பியூட்டலின் தெரியும். பிரித்வி ஷாவுக்கு வழக்கறிஞர் உண்டு, திரும்பிவர அணி உண்டு. இந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம் என்பது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையும் விடுதி இடமும் சேர்ந்து போவது.

இந்தியா ஊக்கமருந்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும்போது விலக்கைப் பரப்பலாமா என்று ஆட்சேபிப்பார்கள். உண்மைதான்: 2023-இல் சோதித்த 5606 மாதிரிகளில் 213 தவறியவை, அதாவது 3.8 சதவீதம், பெருமளவில் சோதிக்கும் நாடுகளில் இதுவே மோசமான எண். அதில் பெரும்பகுதி இருமல் மருந்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. தெரிந்தே உடலை ஏற்றும் ஸ்டீராய்டுக் கூட்டம் நம் மைதானங்களில் இருக்கிறது, அவர்களுக்கு எந்தச் சலுகையும் கூடாது. நான் கேட்பது தளர்வு அல்ல, சான்று. நோயை வாய்ச்சொல்லால் ஏற்க வேண்டாம். ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையால் ஏற்கட்டும். மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதும்போது மூச்சின் அளவு 12 சதவீதமாவது கூடுகிறதா என்று பார்க்கும் எளிய கருவி அது. ஓய்வில் எல்லாம் சரியாகத் தெரிந்து உழைப்பில் மட்டும் இறுகும் மூச்சுக்குழாயை அது தவறவிடலாம். அவர்களை மேல்சோதனைக்கு அனுப்பும் பொறுப்பை விளையாட்டு ஆணையம் ஏற்கட்டும். நேர்மையான நோயாளியிடம் அளவீட்டுச் சான்று இருந்தால்தான் பொய்யர் தனியே தெரிவார்.

ஆகவே, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடா ஒவ்வோர் ஆண்டும் எந்த விளையாட்டில், எந்த மருந்துக்கு எத்தனை விலக்கு வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது என்று பெயர் இல்லாமல் எண்களை மட்டும் வெளியிட வேண்டும். நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படும், மறைவில் வளரும் வதந்தியும் குறையும். அந்தமான் நிர்வாகமும் இந்திய விளையாட்டு ஆணையமும் தீவுகளின் பயிற்சி மையத்தில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கையின்போதே மூச்சுச் சோதனை செய்து, அந்தத் தாளைக் கோப்பில் வைக்க வேண்டும். டெர்பியூட்டலின் கலந்த மருந்துப் புட்டிகளில் 'விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்டது' என்று அந்தந்த மாநில மொழியில் அச்சிட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட வேண்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை ஓடினாலும் நீந்தினாலும் மிதித்தாலும், நெஞ்சில் இழுப்பு இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போய், விளையாட்டில் இருக்கும் பிள்ளை என்று முதலிலேயே சொல்லுங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் வாங்குங்கள், எத்தனை பஃப் என்பதைக் குறித்து வையுங்கள். சீட்டில் டெர்பியூட்டலின் என்று இருந்தால் அந்தப் புட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.