பேரினம் ஒன்று போனால்

சிவாலிக் மலைப் பகுதியில் கிடைத்த ஒரு பெரிய மண்டையோட்டை ஆராய்ந்து, 1836இல் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் சிவாதீரியம் என்ற பேரினத்தை உலகுக்கு அறிவித்தார்கள். தலையில் இரண்டு ஜோடிக் கொம்புகள், ஒரு டன்னுக்கும் மேல் எடை, குளம்புக் கால்கள். இலை தழைகளைத் தின்று வாழ்ந்த ஒட்டகச்சிவிங்கிச் சொந்தம் அது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் திரிந்த அந்தப் பேரினம் முற்றாக அழிந்துவிட்டது. அதன் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பவை ஒட்டகச்சிவிங்கி, ஒகாபி என்ற இரண்டு பேரினங்கள்தான், இரண்டுமே ஆப்பிரிக்காவில். ஓர் இனம் அழிந்தால் அதே பேரினத்தின் இன்னோர் இனம் மிஞ்சலாம். பேரினமே போனால், லட்சக்கணக்கான ஆண்டுகளில் உருவான ஒரு தனி வழி அடைபட்டுப்போகிறது.

தென்காசிக்காரர்கள் இதை வடநாட்டுப் பழங்கதையாக ஒதுக்கிவிட முடியாது. குற்றாலத்தைத் தாங்கி நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் வரையாடும் குளம்புள்ள தாவர உண்ணிதான். இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினமாக அதை நெடுங்காலம் சேர்த்து வைத்திருந்தார்கள். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அது செம்மறி வகைக்கு நெருக்கமானது என்று காட்டித் தனிப் பேரினமாகப் பிரித்தது. அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தையும் சேர்த்தால் 2,668. உலகில் வேறெங்கும் காட்டில் இவை இல்லை. ஒரு சிற்றூரின் மக்கள்தொகைதான் ஒரு பேரினத்தின் மொத்த இருப்பு. அதுவும் ஒரே கூட்டமாக இல்லை. உச்சிப் புல்வெளிகளில் சிறு சிறு மந்தைகளாகச் சிதறிக் கிடக்கிறது. செங்கோட்டைக் கணவாயில் மலைத்தொடரே அறுந்து தாழ்ந்து, இரு பக்கத்து மந்தைகளைப் பிரிக்கிறது. இப்படித் தனித்துப்போன சிறு மந்தையை ஒரு காட்டுத்தீயோ ஒரு நோயோ துடைத்துவிட முடியும்.

அழிவது இயற்கைதானே, சிவாதீரியத்தை யார் கொன்றார்கள் என்று கேட்கலாம். அதன் அழிவில் மனிதனுக்குப் பங்கே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வரையாட்டுக்கு அந்த வாதம் பொருந்தாது. துப்பாக்கி வேட்டையும், புல்வெளிகள் தேயிலைத் தோட்டமாகவும் சீகை, தைல மரக்காடாகவும் மாறியதும் நம் காலத்து வேலைகள். நாம் செய்ததைச் சரிசெய்வதும் நம் பொறுப்பு. ஓர் ஆட்டுக்கு 25.14 கோடி ரூபாயில் திட்டமா என்ற கேள்வியும் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கிய நீலகிரி வரையாடு திட்டம் ஆட்டோடு சேர்த்துப் புல்வெளியையும் மீட்கிறது. சோலையும் புல்வெளியும் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுபவை. மலையின் நீரை நம்பி வயல் வைத்திருக்கும் ஊர்களுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். சிவாலிக்கில் ஆற்று வண்டல் மூடிக் காத்ததால் சிவாதீரியத்தின் எலும்பாவது கிடைத்தது. குற்றாலத்துப் பாறைகளோ பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் இறுகியவை. பாலூட்டிகள் தோன்றுவதற்கு முன்பே உருவானவை. அவற்றுக்குள் எந்த விலங்கின் எலும்பும் இருக்க வழியில்லை. மேலே ஈரக்காட்டு மண்ணிலும் எலும்பு நெடுநாள் தங்காது. இந்த மலையில் அழிவது தடயமின்றி அழியும். எனவே புல்வெளிக்குத் தீ வைக்காதீர்கள். அந்நிய மரங்களை அகற்றும் பணிக்குத் துணை நில்லுங்கள். ஆண்டுதோறும் கணக்கெடுப்பு தொடர வேண்டும் என்று கேளுங்கள். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைக் காப்பது மலையடிவாரத்தில் வாழும் நம் எல்லோரின் கடமை.