ஃபேன் எடிட்: வெட்டி வேலையா, வெட்டும் வேலையா?

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனை வெச்சுக்கிட்டு அப்படி என்னதான் பண்றே?" வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் இதற்கு உண்மையான பதில், "ஒரு எடிட் போட்டுட்டிருக்கேன்" என்பதுதான். பிடித்த படத்திலிருந்து இருபது ஷாட், பிடித்த பாட்டிலிருந்து 30 வினாடி. இரண்டையும் ஒட்டி ஸ்டேட்டஸிலோ, ரீல்ஸிலோ, ஷார்ட்ஸிலோ விட்டால் அது ஃபேன் எடிட்.

'வெட்டி வேலை' என்று பெரியவர்கள் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பணம் கட்டி ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் சேராமல், ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு படத்தொகுப்பின் அரிச்சுவடியைக் கற்கக் கிடைத்திருக்கும் வழி இது. ஆனால், புதிதாக வருகிறவர்களில் பலர் அந்த அரிச்சுவடியைத் திறக்காமலேயே ஆறு மாதம் ஓட்டிவிடுகிறார்கள். காரணம், டெம்ப்ளேட். எஃபெக்ட் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, வெறும் வெட்டை மட்டும் முதலில் பழக வேண்டும் என்பதே என் கட்சி. ஏன், எப்படி என்று பார்க்கலாம்.

50 வருடப் பழக்கம்

ஃபேன் எடிட் ரீல்ஸோடு பிறந்ததில்லை. 1975-இல் அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் படங்களை ஸ்லைடுகளாக வரிசைப்படுத்தி, ஒரு பாட்டோடு சேர்த்து ரசிகர்களுக்குப் போட்டுக்காட்டினார். எடிட்டிங் மென்பொருள் எதுவும் இல்லை. ஸ்லைடு புரொஜெக்டர்தான் இருந்தது.

1982-இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற இளைஞர் இரண்டு விசிஆர்களை இணைத்து இன்னொரு வேலை செய்தார். 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற ஜப்பானிய அனிமே தொடரிலிருந்து சண்டையும் வெடிப்புமாகப் பார்த்துப் பொறுக்கி, அன்பைப் பாடும் பீட்டில்ஸின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாட்டின் மேல் ஒட்டினார். ஏஎம்வி எனப்படும் அனிமே மியூசிக் வீடியோக்களின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

அதில் என்ன விசேஷம்? பாட்டு ஒன்று சொல்கிறது, படம் அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் மூன்றாவதாக ஒரு அர்த்தம் பிறக்கிறது. ஷேக், க்ளோ, ஸ்பீட் ராம்ப் எதுவுமே அங்கே கிடையாது. எந்தப் பாட்டுக்கு எந்தக் காட்சி என்ற முடிவு மட்டும்தான் இருந்தது.

டெம்ப்ளேட் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஒரு டெம்ப்ளேட்டைத் திறந்து பாருங்கள். பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை வினாடி, எங்கே ஃபிளாஷ், எங்கே ஜூம் என்று யாரோ ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். நம் வேலை கட்டங்களை நிரப்புவது. பத்து நிமிடத்தில் வீடியோ ரெடி. பார்க்கவும் மாஸாக இருக்கும். அலைட் மோஷனில் யாரோ பகிர்ந்த பிரீசெட்டை இறக்கிப் போடுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

பாக்கெட் உப்புமா மிக்ஸில் வெந்நீர் ஊற்றினால் பசி ஆறும். அதற்காக உப்புமா கிண்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள முடியாது, இல்லையா?

எடிட்டிங்கில் அடிப்படையான முடிவு, எதற்குப் பின் எது வருகிறது என்பது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்த சோதனை இதற்குப் பிரபலமான உதாரணம். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். சூப்போடு பார்த்தால் அந்த முகத்தில் பசி. சவப்பெட்டியோடு பார்த்தால் துக்கம். முகம் என்னவோ ஒன்றேதான். நடிப்பின் ஒரு பங்கை வெட்டுதான் செய்கிறது.

டெம்ப்ளேட்டுக்கு இது தெரியாது. நான்காவது கட்டத்தில் நீங்கள் வைப்பது ஹீரோவின் சிரிப்பா, வில்லனின் சிரிப்பா என்று அதற்குக் கவலையில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் 0.8 வினாடி.

"ஆரம்பத்துல ஒரு நம்பிக்கை வர்றதுக்காவது டெம்ப்ளேட் வேணாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றிரண்டு போட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை, உள்ளே நுழைந்து ஒவ்வொரு வெட்டும் பாட்டின் எந்த இடத்தில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்போதுதான் டெம்ப்ளேட் பாடமாக மாறும்.

பீட்டில் வெட்டினால் போதுமா?

புதியவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை, 'பீட்டுக்கு கட் பண்ணு'. தப்பில்லை. கணக்கும் எளிது. 120 பிபிஎம் வேகமுள்ள பாட்டில் அரை வினாடிக்கு ஒரு பீட். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேமில் ஓடுவதால், ஒரு பீட்டுக்கு 12 ஃபிரேம். இதைத் தெரிந்துகொண்டால் டைம்லைனில் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால், எல்லா பீட்டிலும் வெட்டினால் என்ன ஆகும்? பத்து வினாடிக்குள் பார்க்கிறவருக்கு அடுத்த வெட்டு எங்கே என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் அது மெட்ரோனோம்தான்.

'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்துக்காக எடிட்டிங், சவுண்ட் இரண்டிலும் ஆஸ்கர் வாங்கியவர் வால்டர் மர்ச். ஒரு வெட்டு சரியா என்று பார்க்க அவர் ஆறு அளவுகோல்களைச் சொல்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பும் தருகிறார். உணர்வுக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வை நகரும் திசை, திரையில் ஆட்கள் நிற்கும் இடம் போன்ற மீதி மூன்றுக்கும் சேர்த்து 16. அதாவது, நாம் முதலில் கற்கும் பீட்டுக்கு அவர் கொடுப்பது பத்தே பத்து.

இன்னொரு நுணுக்கம். பீட்டில் விழ வேண்டியது வெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கதவு அறைந்து சாத்தப்படும் கணம், கால் தரையைத் தொடும் கணம், ஒருவர் சட்டென்று திரும்பும் கணம் இவற்றில் ஒன்றை பீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். வெட்டே இல்லாமல் காட்சி பாட்டோடு ஆடும்.

ஒரு பயிற்சி: '96' படத்தை வைத்து

சரி, எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் பார்த்த படமாக எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த '96'. ராம், ஜானு. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம், 22 ஆண்டு இடைவெளி, ஒரே ஓர் இரவு.

முதல் வேலை, ஆப்பைத் திறக்காதீர்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். உதாரணத்துக்கு, 'இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இவ்வளவு தூரம்'. எடிட் சொல்ல வேண்டியது அது ஒன்றைத்தான்.

இரண்டாவது, பாட்டில் ஏதாவது மாறுகிற 30 வினாடியைத் தேர்ந்தெடுங்கள். குரல் நின்று வாத்தியம் தொடங்கலாம், தாளம் சேரலாம். அந்த மாற்றத்தில் உங்கள் எடிட்டும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இங்கே, பள்ளிக்கூட ராமிலிருந்து வளர்ந்த ராமுக்கு.

மூன்றாவது, பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து படத்தை மறுபடி பாருங்கள். இருவரும் ஒரே ஃபிரேமில் இருந்து நடுவே இடைவெளி தெரியும் ஷாட்களின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போரடிக்கும். ஆனால் பாதி எடிட் இங்கேயே முடிந்துவிடும்.

நான்காவது, பத்திலிருந்து பதினைந்து ஷாட். நேர் வெட்டு மட்டும். ஃபேடு, ஃபில்டர், ஷேக் எதுவும் கூடாது. முடித்துவிட்டு ஒரு நாள் ஆறப் போடுங்கள். மறுநாள் பார்த்து, மூன்று ஷாட்டைத் தூக்குங்கள். எதைத் தூக்கினாலும் எடிட் தாங்குகிறதென்றால், அந்த ஷாட் அங்கே சும்மா இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள்

* வாயசைவு: பேசிக்கொண்டிருக்கும் ஷாட்டைப் பாட்டின் மேல் வைத்தால், அவர் பாட்டுக்கு வாயசைக்கிறார் என்று கண் நம்பிவிடும். ஒட்டாமல் போய்ச் சிரிப்பு வரும். பேச்சு தொடங்கும் முன்போ, முடிந்த பின்போ உள்ள பார்வையை எடுங்கள்.

* ஃபிரேம் ரேட்: படம் 24 ஃபிரேம். ஆப் பெரும்பாலும் 30-இல் திறக்கும். அப்படியே விட்டால் நான்கு ஃபிரேமுக்கு ஒன்று இரண்டு முறை வந்து, கேமரா நகரும் காட்சிகளில் திக்கல் தெரியும். புராஜெக்ட்டை 24-இல் வையுங்கள்.

* ஸ்லோமோஷன்: 24 ஃபிரேம் ஷாட்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் வினாடிக்கு 12 ஃபிரேம்தான் மிஞ்சும். இல்லாத ஃபிரேமை ஆப் கற்பனை செய்து நிரப்பும்போது விரல்களும் முகமும் குழைந்து போகும். படத்திலேயே ஸ்லோமோஷனாக எடுத்ததைப் பயன்படுத்துவது நல்லது.

* நெட்டுக்குத்து ஃபிரேம்: இது ரொம்ப முக்கியம். சினிமாஸ்கோப் படத்தின் முழு உயரத்தையும் வைத்து 9:16-க்கு வெட்டினால், அகலத்தில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். '96' எடிட்டில் இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரம்தான் கதை என்றோம். குளோசப்பாக நறுக்கினால் அந்தத் தூரமே போச்சு. மேலும் கீழும் கறுப்பு இருந்தாலும் பரவாயில்லை, அகலத்தை விட்டுவையுங்கள்.

எந்த ஆப் நல்லது?

நேர் வெட்டு போட எந்த ஆப்பும் போதும். போனில் கைன்மாஸ்டர், இன்ஷாட். லேப்டாப் இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, அல்லது முழுக்கவே இலவசமான கேடென்லைவ்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2020 ஜூன் 29-இல் டிக்டாக், விவாவீடியோ உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அதற்குப் பிறகு தடையான எடிட்டிங் ஆப்களையும், பணம் கட்ட வேண்டிய ஆப்களையும் 'மாட்' ஏபிகே-யாக இறக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. யார் எதைச் சேர்த்து அனுப்பினார்கள் என்று தெரியாத ஒன்றை, வங்கி ஆப் இருக்கும் அதே போனில் ஏற்றுவது புத்திசாலித்தனம் இல்லை.

காப்பிரைட்: தெரிந்துகொண்டு இறங்குங்கள்

'ஆல் கிரெடிட்ஸ் டு ஓனர்' என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதினால் தப்பித்துவிடலாம் என்பது நம்பிக்கை மட்டுமே, சட்டம் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஃபேன் எடிட் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அமெரிக்காவிலோ ரசிகர் அமைப்புகள் வாதாடியதன் பலனாக, 2010-இல் வணிக நோக்கமில்லாத வீடியோக்களுக்காக டிவிடி-யின் பூட்டை உடைத்துச் சிறு பகுதிகளை எடுக்கவே விலக்கு கிடைத்தது.

இங்கே பாட்டின் உரிமை யாருடையது என்பதே சிக்கலான கேள்வி. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாடல் இடம்பெற்றதற்காக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்றது தயாரிப்புத் தரப்பு. கோடிகளில் படம் எடுப்பவர்களுக்கே இந்த நிலை.

நடைமுறையில், யூடியூபில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'கன்டென்ட் ஐடி கிளெய்ம்' வந்தால் உரிமையாளர் உங்கள் வீடியோவைத் தடுக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். சேனலுக்கு உடனடி ஆபத்தில்லை. 'காப்பிரைட் ஸ்டிரைக்' வேறு. 90 நாளில் மூன்று வாங்கினால் சேனலே போகலாம். எனவே, கற்றுக்கொள்ளும் எடிட்களை வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற கணக்கே வேண்டாம்.

இன்னொருவர் எடிட்டை இறக்கி, அவர் பெயரை மறைத்து நம் பெயரை ஒட்டுவதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் இல்லை. படக் கம்பெனியிடம் கடன் வாங்கியவர்கள், சக ரசிகரிடம் திருடக் கூடாது.

வெட்டத் தெரிந்தால் என்ன லாபம்?

எல்லோரும் சினிமா எடிட்டர் ஆகப்போவதில்லை. ஆனால், நீளமான ஒன்றிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, சரியான வரிசையில் வைத்து, மீதியை மனம் வந்து தூக்கி எறிவது எந்த வேலையிலும் கைகொடுக்கும். ஆபீஸில் 40 ஸ்லைடு பிரசன்டேஷனை எட்டாகக் குறைக்கத் தெரியாதவர்கள் நமக்குள் எத்தனை பேர்!

பாட்டின் பீட்டைத் தானே கண்டுபிடித்து கிளிப்களை அடுக்கித் தரும் ஆப்கள் வந்தாச்சு. வேகத்தில் அவற்றோடு போட்டி போட முடியாது. ஜானுவின் எந்தப் பார்வைக்குப் பின் ராமின் எந்த மௌனம் வர வேண்டும் என்பது, அந்தப் படத்தில் கரைந்துபோன ரசிகருக்குத்தான் தெரியும்.

முதல் எடிட் முடிந்ததும் லைக் எண்ணுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள். ராத்திரி ஒரு மணிக்குத் திட்டிய அம்மாவாகவே இருக்கட்டும். "இதுல என்ன புரியுது?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் எழுதி வைத்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் அவர் பதில் வந்தால், அடுத்த எடிட்டுக்கு எஃபெக்ட் பற்றி யோசிக்கலாம்.