ஃப்ளைட் ஏறும் முன்... ஊர் சிம் பத்திரம்!

எம்.ரெட்டியபட்டியிலிருந்து துபாய் வேலைக்குக் கிளம்புகிறீர்களா? பாஸ்போர்ட், விசாவோடு ஊர் சிம்மையும் ஒருமுறை கவனித்துவிடுங்கள்.

அங்கே புது சிம் வாங்கியதும் பலர் பழையதைக் கழற்றி பர்ஸில் போட்டுவிடுகிறார்கள். ப்ரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல், பேலன்ஸும் இல்லாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படலாம். பிறகு அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். பேங்க் ஓ.டி.பி.யும் கூடவே போகும்! அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாகப் பணம் மாற்றும் நாளில்தான் இது தெரியவரும்.

என்ன செய்யலாம்?

* கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை ஆக்டிவேட் செய்யுங்கள்.
* இரண்டு சிம் போடும் போனில் ஊர் சிம்மும் இருக்கட்டும். அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்யுங்கள். எஸ்.எம்.எஸ். வரும். ஆனால், வருகிற காலை எடுத்தாலே காசு போகும், ஜாக்கிரதை.
* ரீசார்ஜ் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.
* என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தால், அமீரக எண்ணிலேயே யு.பி.ஐ. பயன்படுத்தும் வசதி 2023-ல் அனுமதிக்கப்பட்டது. உங்கள் வங்கியில் உண்டா என்று கேளுங்கள்.

துபாயில் வாட்ஸ்அப் மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும். கால் பேச முடியாது. போட்டிம் போல அங்கே அனுமதி உள்ள ஆப்களில் பேசலாம். அதை அம்மா போனிலும் இப்போதே ஏற்றி, எடுத்துப் பேசப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்.